பூட்டும் சாவியும்: விளையாட்டுப் பெட்டியின் வரலாறு

திண்டுக்கல் என்றவுடன் மலைமேல் நிற்கும் கோட்டையும், மக்கள் கையில் நிற்கும் பூட்டும் நம் நினைவுக்கு வருகின்றன. நாகல்நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி முதலிய பகுதிகளில் தலைமுறை தலைமுறையாகக் கைத்திறனால் வளர்ந்த தொழில் இது. மாங்காய் வடிவில் அமைந்த பூட்டை அறியாத தமிழர் சிலரே. 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டின் உள்ளே தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அத்தகடுகளின் அமைப்புக்கு ஏற்பச் சாவியின் பற்களை அரத்தால் அராவி எடுப்பர். ஒன்றன் சாவி மற்றொன்றைத் திறவாது. இத்தொழிலில் எழுதப்படாத நீதி ஒன்றும் உண்டு. பூட்டைச் செய்தவர், விலை பெற்றவுடன் சாவியையும் வாங்கியவரிடம் ஒப்படைத்துவிடுகிறார். பூட்டு ஒருவருக்கு, சாவி மற்றொருவருக்கு என்ற வழக்கம் அங்கே இல்லை.

இந்நீதி செல்லாத பெட்டி ஒன்று இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கிறது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்சோல் என்னும் விளையாட்டுப் பெட்டியே அது. பணம் கொடுத்துப் பெட்டியை வாங்குகிறோம். ஆனால் அதில் எந்த விளையாட்டு ஓடலாம், எது ஓடக்கூடாது என்று முடிவு செய்யும் சாவி, பெட்டியை உருவாக்கிய நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. இச்சாவி யார் யார் கைக்கு எப்போது வந்தது என்பதே, பெரிய நிறுவனங்களைச் சாராமல் தனித்து இயங்கும் விளையாட்டு ஆக்குநர்களின் வரலாறு. அதனை இன்று சிறிது ஆராய்வோம்.

வீட்டில் ஆடும் முதல் விளையாட்டுப் பெட்டியாகிய 'மேக்னவாக்ஸ் ஒடிசி' 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1977-இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பெட்டியில், கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பேழைகளை மாற்றி மாற்றிச் செருகிப் பல விளையாட்டுகளை ஆட முடிந்தது. அப்பெட்டியில் பூட்டே இல்லை. எனினும், அதற்கு விளையாட்டு எழுதியவர்கள் அட்டாரியின் ஊழியர்களாகவே இருந்தனர். எழுதியவர் பெயரைக்கூட நிறுவனம் வெளியிடவில்லை. வாரன் ராபினெட் என்பவர், தாம் இயற்றிய 'அட்வென்ச்சர்' என்னும் விளையாட்டில் யாரும் எளிதில் காணமுடியாத ஓர் அறையை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். உழைத்தவன் தன் பெயரைத் திருட்டுத்தனமாக எழுதவேண்டிய நிலை அது! பெயரும் உரிய ஊதியமும் வேண்டிய நிரலர் சிலர் அட்டாரியை விட்டு விலகி, 1979-இல் 'ஆக்டிவிஷன்' என்னும் நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்தனர். பெட்டி செய்பவர் ஒருவர், அதற்கு விளையாட்டு எழுதுபவர் வேறொருவர் என்னும் முறை அன்றுதான் பிறந்தது. அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982-இல் உடன்பாடு ஏற்பட்டது. எழுதுபவர் உரிமைத் தொகை செலுத்தி விளையாட்டை வெளியிடலாம் என்னும் வழி நிலைபெற்றது.

கதவு திறந்தது கண்டு பலரும் உள்ளே புகுந்தனர். தரமற்ற விளையாட்டுகள் கடைகளில் மலைபோல் குவிந்தன. வாங்கியோர் ஏமாந்தனர், பின்னர் வாங்குவதையே நிறுத்தினர். 1983-இல் அமெரிக்க விளையாட்டுச் சந்தை சரிந்து விழுந்தது. விற்காத பேழைகளை அட்டாரி நிறுவனம் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் குழிதோண்டிப் புதைத்தது. 2014-இல் அவ்விடத்தை அகழ்ந்தபோது அவை வெளிப்பட்டன. காவலற்ற கதவு, எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் ஒருங்கே கேடு விளைத்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இந்த வீழ்ச்சியிலிருந்து பாடம் கற்றது ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம். 1985-இல் அமெரிக்காவுக்கு அது கொண்டுவந்த பெட்டியில் ஒரு மின்னணுச் சில்லு இருந்தது. ஒவ்வொரு பேழையிலும் அதற்கு இணையான மற்றொரு சில்லு இருக்கவேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று குறிப்புமொழி பேசி ஒத்துப்போனால் மட்டுமே விளையாட்டு தொடங்கும். இல்லையேல் பெட்டி மீண்டும் மீண்டும் அணைந்து எரியும். நம் பூட்டுத் தொழிலாளியின் தகடும் சாவியும் போன்றதே இவ்வமைப்பு. உரிமம் பெற்ற நிறுவனமும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளே வெளியிடலாம். பேழைகளை நிண்டெண்டோவிடமே செய்வித்து, முன்பணம் செலுத்தவேண்டும். தரம் உயர்ந்தது உண்மை. ஆனால், முதலில்லாத சிறியவனுக்குக் கதவு முற்றிலும் அடைபட்டதும் உண்மை.

பூட்டை உடைக்க முயன்றோரும் உண்டு. அட்டாரி கேம்ஸ் நிறுவனத்தின் கிளையாகிய 'டெங்கன்', நிண்டெண்டோ சில்லின் நிரலைத் தவறான காரணம் காட்டி அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து பெற்றது. 1992-இல் நீதிமன்றம் நிண்டெண்டோவின் பக்கமே நின்றது. அதே 1992-இல், 'அக்கோலேட்' என்னும் நிறுவனம் சேகா பெட்டியின் அமைப்பைத் தானே பிரித்து ஆய்ந்து தன் விளையாட்டுகளை அதில் ஓடச்செய்த வழக்கில், அவ்வாய்வு நியாயமானதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொய் சொல்லிப் பெற்ற சாவிக்கும், உழைத்து அறிந்த சாவிக்கும் சட்டம் வேறுபாடு கண்டது. எனினும், வழக்காட வல்லவர் செல்வமுடைய நிறுவனத்தாரே அன்றித் தனிமனிதர் அல்லர்.

தனிமனிதர் கையில் சாவியைத் தர முதலில் முனைந்த முயற்சிகளுள் ஒன்று சோனி நிறுவனத்தினுடையது. 1996-இல் ஜப்பானிலும், 1997-இல் பிற நாடுகளிலும், 'நெட் யாரோசே' என்னும் கருநிறப் பிளேஸ்டேஷனை அது விற்றது. வீட்டுக் கணிப்பொறியில் எழுதிய விளையாட்டை அப்பெட்டியில் ஓட்டலாம். ஆனால் கடையில் விற்க இயலாது. கற்கலாம், பிழைக்க முடியாது.

நிலைமையை மாற்றியது இணையம். பேழையும் வட்டும் செய்யும் செலவும், கடைத்தட்டில் இடம்பிடிக்கும் செலவும் மறைந்தன. 2004-இல் மைக்ரோசாப்ட் தன் எக்ஸ்பாக்ஸ் பெட்டிக்கு இணையக் கடையைத் திறந்தது. 2008-இல் ஜொனாதன் பிளோ என்பவரின் 'பிரெய்டு' அக்கடையில் வெளிவந்து புகழ்பெற்றது. அதே ஆண்டு இருவர் மட்டுமே நடத்திய ஒரு சிறு நிறுவனத்தின் 'வேர்ல்டு ஆஃப் கூ' நிண்டெண்டோவின் வீ பெட்டியில் வெளிவந்தது. 2013-இல் வெளியீட்டாளர் என்னும் இடைத்தரகர் இல்லாமலே தனி ஆக்குநர் தம் விளையாட்டைத் தாமே வெளியிடும் திட்டத்தை மைக்ரோசாப்ட் அறிவித்தது. சோனியும் நிண்டெண்டோவும்கூடத் தம் கதவுகளை அகலத் திறந்தன.

இன்று அவ்வாயிலை எவ்வாறு கடப்பது? முதலில், ஆக்குநர் அந்நிறுவனத்தில் தம்மைப் பதிவுசெய்து, தம் விளையாட்டின் கருத்தையும் மாதிரியையும் காட்டவேண்டும். ஏற்றுக்கொண்டால், இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு, சோதனைக்கென்று அமைந்த தனிப் பெட்டியையும் மென்பொருள்களையும் பெறுவார். கணிப்பொறியில் எழுதிய விளையாட்டை அப்பெட்டிக்கு ஏற்பத் திருத்துவது அடுத்த பணி. எந்த வயதினர்க்கு ஏற்றது என்னும் சான்றும் பெறவேண்டும். பின்னர் வருவது கடுந்தேர்வு. ஆடும்போது கைப்பிடியின் இணைப்பு அறுந்தால் விளையாட்டு நிற்கிறதா? இடையில் நிறுத்தித் தொடர்ந்தால் பழுதின்றி நடக்கிறதா? சேமித்த தகவல் கெடாமல் இருக்கிறதா? இவற்றுள் ஒன்றில் தவறினும் விளையாட்டு திரும்பி வரும். தேறினால் கடையில் இடம் கிடைக்கும். விற்பனைத் தொகையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைக் கடைக்கு உரியவர் எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம்.

இவ்வாயிலை நம் நாட்டவரும் கடந்துள்ளனர். ஐதராபாத்தில் உருவான 'அனுமன்: பாய் வாரியர்' 2009-இல் பிளேஸ்டேஷன் 2 பெட்டிக்கு வந்தது, அதனைச் சோனி நிறுவனமே வெளியிட்டது. புனே நகரின் 'நாடிங் ஹெட்ஸ்' குழுவினர் 'ராஜி' என்னும் விளையாட்டுக்காக 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்றனர். குறித்த தொகை சேரவில்லை. ஆயினும் சோர்வடையாது உழைத்து, 2020-இல் அதனை முதலில் நிண்டெண்டோ ஸ்விட்ச் பெட்டியிலும், பின்னர் ஏனைய பெட்டிகளிலும் வெளியிட்டனர்.

தமிழர்க்குரிய சான்று கனடாவிலிருந்து வருகிறது. டொராண்டோ நகரில் இயங்கும் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு, 'வெண்பா' என்னும் விளையாட்டை 2023-ஆம் ஆண்டு ஜூலை 31-இல் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் ஆகிய பெட்டிகளிலும் கணிப்பொறியிலும் ஒரே நாளில் வெளியிட்டது. 1980-களில் தமிழகத்தைவிட்டுக் கனடாவில் குடியேறிய வெண்பா என்னும் தாய், அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. தாய்வீட்டுச் சமையற் குறிப்பேடு சிதைந்திருக்கிறது; அழிந்த வரிகளை ஊகித்து இட்டிலி அவிப்பதே ஆடுபவர்க்கு முதற்பணி. வாளும் துப்பாக்கியும் இல்லை. மொழியை மறக்கும் மகனும், மறக்கவொண்ணாத தாயும் இருக்கின்றனர். 2024-இல் அவ்விளையாட்டு பிரித்தானியத் திரைக் கழகமாகிய 'பாஃப்டா' வழங்கும் முதற்படைப்புக்கான விருதைப் பெற்றது. பேழைக்கு முன்பணம் கட்டவேண்டிய 1985-ஆம் ஆண்டின் பூட்டு இன்றும் இருந்திருந்தால், ஓர் இட்டிலித் தட்டின் கதைக்கு எந்த முதலாளி பணம் கொடுத்திருப்பார்? சிறியவர்க்குச் சாவி கிடைப்பதன் பயன் இதுவே: இதுவரை சொல்லப்படாத வாழ்க்கை சொல்லப்படுகிறது.

ஆயினும் ஒன்றை மறத்தல் கூடாது. கிடைத்தது இரவல் சாவியே. 'வேர்ல்டு ஆஃப் கூ' விற்ற வீ பெட்டியின் இணையக் கடை 2019 ஜனவரியில் மூடப்பட்டது. சிறு ஆக்குநர்க்கெனவே எக்ஸ்பாக்ஸ் 2008-இல் திறந்த தனிப்பகுதி 2017-இல் மூடப்பட்டது. அதில் மட்டுமே வெளிவந்த விளையாட்டுகளை இன்று அங்கே வாங்க வழியில்லை. அச்சிட்ட நூல் பதிப்பகம் மூடினாலும் நூலகத்தில் வாழும். கடையோடு பிறந்த விளையாட்டோ கடையோடு மறையக்கூடும்.

ஆகவே, திண்டுக்கல் சமவெளியில் ஏதோவொரு பள்ளியிலோ கல்லூரியிலோ அமர்ந்து விளையாட்டு ஒன்றை எழுத எண்ணும் மாணவரே, முதலில் எல்லார்க்கும் திறந்திருக்கும் கணிப்பொறியில் தொடங்குங்கள். அதற்கான மென்பொருள்களை இலவசமாகவே பெற்றுக் கற்கலாம். சிறியதாயினும் ஒன்றை முடித்துக் காட்டுங்கள். முடிந்த படைப்பே வாயிற்காவலரிடம் பேசவல்லது. மூல நிரலையும் அதன் உரிமையையும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடை அடைபட்டாலும் வேறொரு பெட்டிக்கு அதனை மாற்றியமைக்க அவை உதவும். ஒப்பந்தத்தை முழுதும் படித்து, புரிந்தபின் கையொப்பமிடுங்கள்.

வாயிலின் பூட்டு பிறருடையதாக இருக்கலாம். உள்ளே கொண்டுசெல்லும் பொருள் உங்களுடையதாகவே இருக்கட்டும்.