பச்சிளங்குழந்தைக்கான பால்புட்டி

சென்னையின் மேற்குப் புறநகரில் பால்புட்டி கிடைக்காத மருந்துக் கடை அரிது. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி மார்க்கெட், பூந்தமல்லி டிரங்க் ரோடு என எங்கு போனாலும் வகைவகையாக வாங்கலாம். பிளாட்பாரக் கடையில் கிலுகிலுப்பையோடு தொங்கும் பெயரில்லாப் புட்டியும் உண்டு, "பிபிஏ ஃப்ரீ" என்று அச்சிட்ட வெளிநாட்டுப் புட்டியும் உண்டு. புட்டி எதனால் ஆனது, அதில் எவ்வளவு சூடான பால் எவ்வளவு நேரம் இருக்கிறது, அதை எப்படிக் கழுவுகிறார்கள் என்ற மூன்றும் சேர்ந்தே குழந்தையின் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதைத் தீர்மானிக்கின்றன. கடைக்காரரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் முதல் கேள்வி மட்டும்தான்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், இடையில் தண்ணீர்கூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் ஒரே குரலில் சொல்வது இது. 2019-21 ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினருக்கே இது வாய்த்தது. அதே ஆய்வில் சிசேரியன் பிரசவங்கள் 44.9 விழுக்காடு. வயிற்றில் தையலோடு படுத்திருக்கும் தாய், அழும் குழந்தை, "பால் ஊறலையே" என்று பதறும் உறவினர்கள்: பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் புட்டி வாங்க ஆள் ஓடுகிறது. முதல் நாளில் குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சில மில்லி சீம்பாலே போதும் என்பதை அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று சொல்ல ஒரு செவிலியர் இருந்துவிட்டால் பல வீடுகளில் புட்டிக்கே வேலையிருக்காது.

தாய்க்கு உடல்நலமில்லை, குறைமாதக் குழந்தைக்குச் சப்பும் வலு வரவில்லை, வேலைக்குத் திரும்பியாக வேண்டும் என்ற நிலைமைகளும் உண்டு. அப்போது எதில் புகட்டுவது என்பது முக்கியமான கேள்வி. பாத்திரம் பிள்ளையின் உயிரைப் பறித்த கதை இந்தியாவுக்குப் புதிதும் அல்ல.

பிளாஸ்டிக் வருவதற்கு முன்பே இந்த நாட்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பால் பாத்திரத்தால் இறந்தார்கள். இந்தியக் குழந்தைப் பருவ ஈரல் சுருக்க நோய் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் அந்த நோய், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளைத் தாக்கியது. வயிறு உப்பும், ஈரல் கல்லாக இறுகும், மஞ்சள் காமாலை வரும், பிறகு பெரும்பாலும் மரணம். பழைய சென்னைக் குடும்பங்களில் "ஈரல் கட்டி" என்றாலே அச்சம். ஜம்மி வெங்கடரமணய்யாவின் ஈரல் மருந்து ஊரெங்கும் பெயர்பெற்றது அந்த அச்சத்தின் காலத்தில்தான். குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்ததற்கும் வந்ததால் பரம்பரை நோய் என்று பலர் நம்பினார்கள்.

காரணம் அடுப்படியில் இருந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த ஷீலா பாவே, ஆனந்த் பண்டிட் ஆகியோரும் பிரிட்டிஷ் மருத்துவர் ஸ்டூவர்ட் டானரும் இணைந்து செய்த ஆய்வு 1983இல் லான்செட் இதழில் வெளியானது. நோய் கண்ட குழந்தைகளுக்கு மிகச் சிறு வயதிலேயே மாட்டுப்பால் புகட்டப்பட்டிருந்தது. அந்தப் பால் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் காய்ச்சி, அதிலேயே மணிக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தது. உலோகத்திலிருந்து செம்பு பாலில் இறங்கியது, பாலின் புரதம் அதைப் பிடித்துக்கொண்டது, பிஞ்சு ஈரலால் அதை வெளியேற்ற முடியவில்லை. பாத்திரத்தை எவர்சில்வருக்கும் அலுமினியத்துக்கும் மாற்றச் சொல்லி ஊர் ஊராக எடுத்துச் சொன்ன பிறகு நோய் மளமளவென்று குறைந்து இன்று ஏறக்குறைய மறைந்தேவிட்டது. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஆண்டுதோறும் ஈயம் பூசியது எவ்வளவு அறிவார்ந்த பழக்கம் என்பதும் இந்த இடத்தில்தான் விளங்குகிறது. பரணில் கிடக்கும் ஈயம் தேய்ந்த பித்தளைச் சங்கை "பாரம்பரியம்" என்று எடுத்துத் துலக்கி இன்றைய குழந்தைக்குப் பால் புகட்டுவது கூடவே கூடாது.

சூடான பால், பொருந்தாத பொருள், நீண்ட நேரம். பாலிகார்பனேட் புட்டியின் கதையிலும் இதே மூன்றும் வருகின்றன.

1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டறிந்த பிளாஸ்டிக் பாலிகார்பனேட். கண்ணாடிபோலத் தெளிவு, கீழே விழுந்தாலும் உடையாத உறுதி. பால்புட்டி செய்ய இதைவிட வேறென்ன வேண்டும் என்றே உலகம் நினைத்தது. அதன் மூலப்பொருள் பிஸ்பினால் ஏ, சுருக்கமாக பிபிஏ. இது பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல நடந்துகொள்ளும் என்று 1930களிலேயே சார்லஸ் டாட்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலர் காட்டியிருந்தார். கொதிநீரும் காரமான சோப்புத் தூளும் பாலிகார்பனேட்டை மெல்ல அரிக்க, பிபிஏ பாலில் கசிகிறது. பழைய, கீறல் விழுந்த புட்டியில் கசிவு கூடும்.

2008இல் கனடா தடைக்கு முதல் அடி எடுத்துவைத்தது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பால்புட்டிகளில் பிபிஏவைத் தடை செய்தது. 2012இல் அமெரிக்கா தன் விதிகளிலிருந்து பாலிகார்பனேட் பால்புட்டிக்கான அனுமதியை நீக்கியது. அதன் பிறகும் அறிவியல் நிற்கவில்லை. ஒருவர் உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 4 மைக்ரோகிராம் வரை பிபிஏ தாங்கலாம் என்று 2015இல் சொன்ன ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2023இல் அதை 0.2 நானோகிராமாகக் குறைத்தது. அதாவது இருபதாயிரத்தில் ஒரு பங்கு.

இந்தியாவில் இந்திய தர நிர்ணய அமைவனம் 2015இல் திருத்திய ஐ.எஸ். 14625 என்ற தரநிலை, பிளாஸ்டிக் பால்புட்டிக்குப் பாலிகார்பனேட்டை விலக்கியது. கண்ணாடிப் புட்டிக்குத் தனியே ஐ.எஸ். 5168 இருக்கிறது. இரண்டு வகைக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் விதி வந்ததும் கடை அலமாரி மாறிவிடவில்லை. டெல்லியைச் சேர்ந்த டாக்ஸிக்ஸ் லிங்க் அமைப்பு பல மாநிலங்களில் வாங்கிய புட்டிகளையும் சிப்பர்களையும் ஐ.ஐ.டி. குவாஹாட்டியில் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவுகளில், பிபிஏ இல்லை என்று எழுதியிருந்தவற்றிலும் பிபிஏ இருந்தது. ஆகவே "பிபிஏ ஃப்ரீ" என்பதை நிறுவனம் தானே சொல்லிக்கொள்ளும் வாக்குறுதியாகக் கொள்வதே சரி. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு மேலே உள்ள ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் வேறு வகை. அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் தட்டினால் உரிமம் யாருடையது, இன்னும் செல்லுமா என்பது கடை வாசலிலேயே தெரிந்துவிடும். இந்த இரண்டு எண்களும் இல்லாத புட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்க வேண்டியதில்லை. புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்ற எண் இருந்தால் அது "மற்றவை" என்ற வகை. பாலிகார்பனேட்டும் அதில் அடங்கும், பாதுகாப்பான வேறு சில பிளாஸ்டிக்குகளும் அடங்கும். விற்பவரால் எது என்று சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுவது நல்லது.

பாலிகார்பனேட் போன இடத்துக்குப் பெரும்பாலும் வந்தது பாலிபுரோப்பிலீன், முக்கோணத்துக்குள் 5. இதில் பிபிஏ கிடையாது. சற்றே மங்கலான தோற்றம், எடை குறைவு, கொதிநீர் தாங்கும். இதற்கும் ஒரு குறை உண்டு என்று 2020 அக்டோபரில் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் நேச்சர் ஃபுட் இதழில் காட்டினார்கள். இந்தப் புட்டிகளில் சூடாகப் பவுடர் பால் கலக்கும்போது லிட்டருக்கு 1 கோடியே 62 லட்சம் வரை நுண்பிளாஸ்டிக் துகள்கள் உதிர்ந்தன. நீரின் சூடு ஏற ஏற உதிர்வும் ஏறியது. உடலுக்குள் போய் இவை என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. குறைக்கும் வழியோ செலவில்லாதது. பவுடர் பாலில் குரோனோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறும் முன்பே கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கலவையை எவர்சில்வர் டம்ளரிலோ கண்ணாடிக் குவளையிலோ செய்து, நன்றாக ஆறிய பின் புட்டியில் ஊற்றினால் கிருமியும் சாகும், துகளும் பெருமளவு குறையும். கொதிக்க வைத்த புட்டியைக் காய்ச்சி ஆறிய நீரால் மூன்று முறை அலசிவிடுவதும், மைக்ரோவேவில் வைக்காமலிருப்பதும், சூட்டோடு குலுக்காமலிருப்பதும் உதவும்.

வீட்டில் மட்டும் பயன்படுத்துவதென்றால் போரோசிலிகேட் கண்ணாடிப் புட்டியே முதல் தேர்வு. திடீர்ச் சூட்டில் எளிதில் விரியாது, எதுவும் கசியாது, கீறல் விழாது, அழுக்கு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். கை தவறினால் உடையும் என்பது ஒன்றே குறை. பையில் எடுத்துப் போவதற்கு எவர்சில்வர் புட்டி ஏற்றது, 304 வகை எஃகு என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்கலாம். உள்ளே தெரியாது என்பதால் கழுவுவதில் கூடுதல் கவனம் வேண்டும்.

நிப்பிளைப் பலர் கவனிப்பதில்லை. இயற்கை ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் பொருள்களிலிருந்து நைட்ரோசமைன் என்ற வேதிப்பொருள் உருவாகலாம் என்பதால் ஐரோப்பா 1993இலேயே அதற்கு வரம்பு விதித்தது. சிலிகான் நிப்பிளில் அந்தத் தொல்லை இல்லை. எதுவானாலும் பிசுபிசுப்போ வெடிப்போ கண்டால் தூக்கிப் போட வேண்டும். பால் மெதுவாக வருகிறதென்று ஊசியைச் சுட்டுத் துளையைப் பெரிதாக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. குழந்தைக்குப் புரையேற அதுவே போதும்.

இந்தப் புறநகருக்கே உரிய சங்கதி தண்ணீர். போர் தண்ணீரின் கடினத்தன்மையால் கொதிக்க வைத்த புட்டியில் வெள்ளைப் படலம் படியும். அது சுண்ணாம்புப் படிவு, பிளாஸ்டிக்கிலிருந்து வந்ததல்ல, கொஞ்சம் வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். ஆனால் அந்தப் படலத்தில் பால் பிசுக்கு ஒட்டிக்கொண்டு கிருமி வளரும் என்பதால் பிரஷ் போட்டுத் தேய்க்காமல் கொதிக்க மட்டும் வைப்பது பயன்தராது. கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 20 லிட்டர் கேன்களில் பல பாலிகார்பனேட்டால் ஆனவை. பால்புட்டிக்கு உள்ள தடை கேனுக்கு இல்லை. வெயிலில் வண்டியிலும் மொட்டை மாடியிலும் காய்ந்த கேனின் நீரைக் குழந்தைக்கு எடுக்காமலிருக்கலாம்.

இவ்வளவையும் பார்த்த பிறகு சங்குக்கும் பாலாடைக்கும் திரும்பினால் நிம்மதி வருகிறது. தாய்மாமன் வீட்டிலிருந்தோ பாட்டி வீட்டிலிருந்தோ வரும் அந்தச் சிறு மூக்குப் பாத்திரத்தில் சந்து இல்லை, மூடி இல்லை, நிப்பிள் இல்லை. ஒரு தேய்ப்பில் சுத்தமாகும், ஒரு கொதியில் கிருமி நீங்கும். 1999இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு பச்சிளங்குழந்தைகளுக்குப் புட்டி, கப், பாலாடை ஆகிய மூன்றிலும் புகட்டிப் பார்த்தது. பாலாடையில்தான் குறைந்த நேரத்தில் அதிகப் பால் இறங்கியது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் புகட்டுவது இந்திய மருத்துவமனைகளில் இன்று வழக்கமான முறை. எவர்சில்வரில் வாங்குவது சிறந்தது. வெள்ளியென்றால் பற்றவைத்த மூட்டில்லாத, ஒரே தகட்டில் செய்ததாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் பழைய பற்றாசுகளில் காட்மியம் கலப்பது உண்டு. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து, விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாக விட வேண்டும். படுக்க வைத்து ஊற்றினால் மூச்சுக்குழலுக்குப் போகும்.

பால்புட்டிக்கு விளம்பரம் செய்வதே இந்தியாவில் குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1992இல் இயற்றப்பட்டு 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் இறுக்கப்பட்ட குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் சட்டம், பால்புட்டி விளம்பரத்தையும், இலவச மாதிரியையும், வாங்கத் தூண்டும் பரிசுகளையும் தடை செய்கிறது. மருத்துவமனைச் சுவரில் புட்டியின் படம் ஒட்டவும் கூடாது. தமிழ்நாடு அரசு 2015இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களில் சோப்பு இருந்தது, கொசுவலை இருந்தது, சௌபாக்கிய சுண்டி லேகியம் இருந்தது, பால்புட்டி இல்லை. அதே ஆண்டு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் வந்தன. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கியும் இயங்குகிறது.

ஆனாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் இயந்திரத்தின் முன் அமரும் பெண்ணுக்குப் புட்டி தேவைப்படுவது ஒரு கணக்கால். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் கொண்டுவந்தபடி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டு. அதில் 8 வாரம் பிரசவத்துக்கு முன்பே கழிந்தால், குழந்தைக்கு நாலரை மாதம்கூட நிறையும் முன் விடுப்பு முடிந்துவிடும். பீய்ச்சிய தாய்ப்பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும். கத்திரி வெயிலில் இங்குள்ள வீடுகளில் அந்தக் கணக்குச் செல்லாது, குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பணியிடத்தில் நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் சட்டத்தில் உண்டு. தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பலவற்றில் 50 பேர் இருப்பதில்லை. ஆனால் பல நிறுவனங்கள் கூடி ஒரு பொதுக் காப்பகம் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 1964இல் தொடங்கிய இந்தப் பேட்டையில் வளாகத்துக்கு ஒன்றாக அப்படிக் காப்பகங்கள் அமைந்தால், நாலு மாதக் குழந்தைக்காக இங்கே வாங்கப்படும் புட்டிகளில் பல தேவைப்படாமலே போகும்.