காசோலை முதல் க்யூஆர் வரை

காசோலைக்கான சட்டம் 1881-லேயே வந்துவிட்டது. ஆனால் பணமில்லாமல் திரும்பும் காசோலையைத் தனிக் குற்றமாக்கிய 138-வது பிரிவு 1989-ல்தான் அமலுக்கு வந்தது! அதுவரை பொருளை விற்றவர் பாடு திண்டாட்டம்தான்.

2016-ல் யுபிஐ வந்தது. காசிமேட்டில் மீன் வாங்கக்கூட க்யூஆர் என்றானது. ஏமாற்றும் வழியும் மாறியது. திருவொற்றியூரில் ஒருவர் பழைய காரை இணையத்தில் விற்கப் போட்டால், "அட்வான்ஸ் அனுப்புறேன் சார், ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு க்யூஆர் வரும். ஸ்கேன் செய்து பின் நம்பரை அழுத்தினால் போவது விற்பவரின் பணம்! பணம் பெறுவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

தனிநபர்களுக்கு இடையேயான 'கலெக்ட்' கோரிக்கை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. க்யூஆர் தந்திரம் ஒழியவில்லை.

காசோலையோ க்யூஆரோ, விதி ஒன்றுதான். பணம் கணக்கில் ஏறியதை வங்கிக் கணக்கிலேயே பார்த்த பிறகுதான் சாவியும் ஆர்.சி.யும் கைமாற வேண்டும். எஸ்.எம்.எஸ்.ஸை நம்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள் நண்பர்களே!