ஆதாம் விற்ற கழுதை

1878 செப்டம்பர். பிரான்சின் தெற்கு மலைநாட்டில், லெ மொனாஸ்தியே என்ற சிற்றூரில் ஒரு கழுதை கைமாறியது. விற்ற கிழவரை ஊரார் ஆதாம் அப்பா என்று கூப்பிடுவார்கள். வாங்கியவர் 27 வயது ஸ்கொட்லாந்துக்காரர். ஒல்லி உடம்பு, நெஞ்சு நோய், கையில் காசுத் தட்டுப்பாடு. போதாதற்கு, மனதுக்குப் பிடித்த பெண் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்தாள். பேரம் 65 பிராங்கிலும் ஒரு கிளாஸ் பிராந்தியிலும் முடிந்தது. எலி நிறத்தில், நாயைவிடக் கொஞ்சமே பெரிதான பெட்டைக் கழுதை. கயிற்றைக் கையில் வாங்கியதும் அதற்கு மொதெஸ்தின் என்று பெயர் வைத்தார்.

அவர் ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். 'புதையல் தீவு' எழுதிப் புகழ் பெற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மொதெஸ்தினோடு செவென் மலைகளில் பன்னிரண்டு நாள், 120 மைல் நடந்தார். அதைச் சின்னப் புத்தகமாக 1879இல் வெளியிட்டார். மலை ஏறப்போய் மூச்சு வாங்கியதையும், கூடாரத்துக்குள் மழை வந்ததையும், சப்பாத்து கடித்ததையும் பகிடியாக எழுதுகிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். அந்த எழுத்துக்குப் பிறந்த வீடு எது என்று கேட்டால் நான் இந்தக் கழுதைப் பேரத்தைத்தான் காட்டுவேன்.

மன்னாரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவனுக்கு இரண்டு இடத்தில் கூடுதலாகச் சிரிப்பு வரும். ஆதாம் நமக்கு அயலவர். தலைமன்னாருக்கு அப்பால் கடலில் கிடக்கும் மணல் தீடைகளுக்கு வெள்ளைக்காரன் அவர் பெயரைத்தான் வைத்துவிட்டுப் போனான். மற்றது அந்த 65 பிராங்க். கழுதைக்குக் காசா?

மன்னார்த் தீவில் கழுதை காசு கொடுத்து வாங்கும் பொருள் அல்ல. அராபிய வணிகர்கள் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள்; பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்துக்கும் அதே கதைதான். ஒருகாலத்தில் சுமை சுமந்தவை, லொறி வந்தபின் வேலை இழந்தவை. இப்போது காலையில் பஸ் நிலையத்தடியில் நிற்கும். வாழைக்குலை வந்த அட்டைப்பெட்டியை ஒன்று தின்பதை நின்று பார்த்திருக்கிறேன். அவசரமே இல்லை. முதலில் மூலையை ஈரமாக்கும். பிறகு ஒட்டுநாடாவை மட்டும் உதட்டால் ஒதுக்கிவிட்டு அட்டையைக் கிழிக்கும். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் ஒரு காது மட்டும் அந்தப் பக்கம் திரும்பும். உடம்பு திரும்பாது. தோளில் குறுக்காக ஓடும் கறுப்புக் கோட்டைத் தவிர அந்த உடம்பில் அலங்காரம் ஒன்றும் இல்லை. பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு இங்கே கழுதைகளுக்கு ஒரு மருத்துவ, கல்வி நிலையம் நடத்துகிறது. கல்வி யாருக்கு என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். கழுதைகள் ஏற்கெனவே படித்து முடித்துவிட்டன, பாடம் நமக்குத்தான்.

ஸ்டீவன்சனுக்கும் அந்தப் பாடம் முதல் நாளே தொடங்கியது. மொதெஸ்தினுக்கென்று ஒரு வேகம் இருந்தது. மனிதன் நடக்கும் வேகத்துக்கு எவ்வளவு கீழே போகமுடியுமோ அவ்வளவு கீழே. பிரம்பால் தட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். வழியில் வந்த குடியானவர் ஒருவர் சிரித்துவிட்டு, "ப்ரூட்" என்று சொன்னால் போகும் என்று சொல்லிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் போனது; அப்புறம் அந்த மந்திரமும் செத்தது. ஓர் ஊருக்குள் நுழையும்போது சேணம் சுழன்று மூட்டை முழுக்கக் கழுதையின் வயிற்றுக்குக் கீழே போய்விட்டது. ஊர்ச் சனம் சிரித்தது. கடைசியில் ஒரு சத்திரக்காரர் தார்க்குச்சி செய்து கொடுத்த பிறகுதான் கழுதை நடந்தது.

மூட்டைக்குள் என்ன இருந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஸ்டீவன்சன் கூடாரத்தை வெறுத்தார்; அதற்குப் பதிலாக ஒரு படுக்கைப் பையைச் சொல்லித் தைப்பித்தார். வெளியே வண்டி மூடும் நீர் புகாத துணி, உள்ளே நீல நிற ஆட்டு ரோமம். அதன் விலை 80 பிராங்கும் இரண்டு கிளாஸ் பியரும். கணக்குப் பார்த்தால் படுக்கையைவிடக் கழுதை மலிவு; அவரே அதைக் கணக்கெழுதி வைத்தார். இன்று மலையேறப் போகிற எவருடைய முதுகிலும் இருக்கும் சுருட்டின படுக்கைப் பைக்கு அது ஒரு மூத்த உறவு. இன்னும் இருந்தன: கைத்துப்பாக்கி, விளக்கு, ஆட்டுத்தொடை, வைன் போத்தல், பால் வாங்க ஒரு வெறும் போத்தல், முட்டை அடிக்கும் கருவி ஒன்று. காட்டில் முட்டை அடித்து என்ன செய்ய நினைத்தாரோ! முதல் நாளிலேயே கழுதையின் பாரத்தைக் குறைக்க வேண்டி வந்தது. வெறும் போத்தல், வெள்ளை ரொட்டி, ஆட்டுத்தொடை எல்லாம் போயின. முட்டைக் கருவியை மட்டும் மனம் நொந்து எறிந்தார்.

120 வருடம் கழித்து, 1998இல், பில் பிரைசன் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடந்த கதையை எழுதினார். அவருடைய கூட்டாளி கட்ஸ் முதல் நாள் ஏற்றத்திலேயே பையைத் திறந்து சாப்பாட்டுச் சாமானைக் காட்டுக்குள் வீசுகிறார். நானும் எத்தனையோ நடைப் புத்தகங்கள் படித்துவிட்டேன். வீட்டில் தேவைப்பட்டதாகத் தோன்றியதை முதல் ஏற்றத்தில் எறியாத ஆளை அவற்றில் காணவில்லை. நம் கரைக்கும் ஒருவர் வந்தார். மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பை 1906இல் மேற்பார்ப்பதில் பங்கெடுத்த லெனார்ட் வுல்ப், இலங்கையில் இறங்கும்போது வோல்டேரின் 90 தொகுதிகளையும் ஒரு நாயையும் கொண்டுவந்தார். அவருக்குக் கூலியாட்கள் இருந்தார்கள். அதனால் ஒன்றையும் எறிய வேண்டி வரவில்லை. அவர் கதையில் அந்தப் பகுதி பகிடியாகாததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்டீவன்சனுக்கு முன்னே நடந்து எழுதியவர்கள் இல்லையா? ஏராளம். ஆனால் அந்தப் பழைய பயணக் கதைகள் பெரும்பாலானவற்றில் பயணிதான் வீரன். சிகரம் அவனுக்குப் பணியும், காட்டாறு வழிவிடும், ஊர்ச் சனம் வேடிக்கை பார்க்கும். ஸ்டீவன்சன் இருக்கையை மாற்றிப் போட்டார். கதையில் அறிவுள்ள பாத்திரம் கழுதை, முட்டாள் எழுதுகிறவர். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அந்த இருக்கையில் உட்கார்ந்தவர்கள்தான். 1958இல் வந்த எரிக் நியூபியின் இந்துகுஷ் புத்தகத்தை எடுங்கள்: வேல்ஸில் சில நாள் மட்டும் மலையேறப் பழகிவிட்டு ஆப்கானிஸ்தான் சிகரத்துக்குக் கிளம்புகிறார். கடைசியில், பாலைவனம் கடந்த வில்பிரட் தெசிகர் எதிரே வருகிறார். இவர்கள் படுக்க மெத்தைக்குக் காற்று ஊதுவதைப் பார்த்துக் கேலி பண்ணுகிறார். புத்தகம் அந்தக் கேலியோடு முடிகிறது. வீரன் எதிரே வந்தான், கதை முட்டாளுடையதாகவே இருந்தது.

ஏன் 1878? நான் காரணம் ரயிலைச் சொல்வேன். ஸ்டீவன்சன் மலைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னே, அதே ஆண்டு ஓகஸ்டில், மார்க் ட்வைன் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஒரு போதகர் நண்பரோடு சுற்றிக்கொண்டிருந்தார். அது 1880இல் புத்தகமானது. நடைப்பயணம் என்று அறிவித்துவிட்டுக் கிடைத்த ரயிலிலும் வண்டியிலும் ஏறிக்கொள்வதுதான் அதில் ஓடும் பகிடி. மொன் பிளாங் சிகரத்தைக்கூட அவர் கீழே நின்று தொலைநோக்கியால்தான் ஏறுகிறார்! ஐரோப்பா முழுக்கத் தண்டவாளம் விரிந்த பிறகு நடப்பது தேவையல்ல, விருப்பம். விரும்பிப் போய்க் கால் புண்ணானவனைப் பார்த்துச் சிரிக்கலாம். வேறு வழியில்லாமல் நடந்தவனைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் மன்னார் எனக்குக் குறுக்கே நிற்கிறது. கழுதை இருந்தது, மணல் இருந்தது, வெயில் இருந்தது, ஆடிமாதச் சோளகம் தலையில் துணியைக்கூட நிற்கவிடாது. நடந்தவர்களுக்கும் குறைவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், கோப்பிக் காலத்தில், தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து இந்தக் கரையில் இறங்கிய தோட்டத் தொழிலாளர்கள் இங்கிருந்து மாத்தளை வரைக்கும் ஏறத்தாழ 150 மைல் காட்டு வழியே நடந்தார்கள். கொலராவும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் ஆட்களை எடுத்தன. மரத்தடியில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற ஆசைவார்த்தையை நம்பி வந்த சனம் அது. தலைமன்னாருக்கு ரயிலும் கப்பலும் சேர்ந்து வந்தது 1914இல். ஸ்டீவன்சனின் நடையும் அந்த நடையும் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பதை நினைத்தால், முட்டைக் கருவிக்குச் சிரித்த வாய் கொஞ்சம் அடங்கும். அந்த 150 மைலை நடந்தவர் எவரும் பயணநூல் எழுதவில்லை. எழுத அவர்களிடம் கடிதாசியும் இல்லை, ஓய்வும் இல்லை.

ஆனால் என் கொள்கைக்கு இடிக்கிற ஓர் இடம் தமிழிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் நாடுகாண் காதை. செல்வம் தொலைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் விடியுமுன்னே புகாரைவிட்டுப் புறப்பட்ட இருவர், கோவலனும் கண்ணகியும். ஒரு காதம்தான் நடந்திருப்பார்கள். கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. பல் தெரியச் சிரித்தபடி, மதுரை எங்கே என்று கேட்கிறாள். கோவலன் சிரிக்கிறான். முப்பது காதத்தை ஆறோ ஐந்தோ காதம்போலக் காதில் விழும்படி சொல்லி, கிட்டத்தான் என்கிறான். வேறு வழியில்லாமல் நடந்த இருவருக்கு நடுவே அந்தப் பகிடி. சிரிப்புக்குள் அழுகை இருக்கிறது என்று படித்தவர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், பகிடி பகிடிதான். நடந்த களைப்பில் இன்னும் எவ்வளவு தூரம் என்று ஒருத்தி கேட்க, கூட வருகிறவன் பொய் சொல்வது. உலகத்து நடை எழுத்து முழுவதும் திரும்பத் திரும்ப வரும் பகிடி இது.

அதே பொய் எங்கள் ஊரில் இப்போதும் நடமாடுகிறது, மடுவுக்குப் போகிற றோட்டில்.

மடு மாதாவின் ஆடித் திருவிழா ஜூலை 2. ஆவணித் திருவிழா ஓகஸ்ட் 15. பஸ் இருக்கிறது, மடு றோட் வரைக்கும் ரயிலும் இருக்கிறது. ஆனாலும் நேர்த்தி வைத்தவர்கள் நடப்பார்கள். விரும்பி நடக்கிற சனம். அதனால்தான் இங்கே பகிடி தாராளம். மன்னாரிலிருந்து வெளிக்கிடும்போது செபமாலை சத்தமாகக் கேட்கும். உயிலங்குளம் தாண்டும்போது முணுமுணுப்பாகும். அதற்கு அப்பால் ஒவ்வொருவரும் தன்தன் குதிகாலோடு பேசிக்கொண்டு போவார்கள். புதுச் சப்பாத்தோடு வந்தவர் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். செருப்பு அறுந்த மாமிக்குச் சணல் கயிறு தேடுவார்கள். ஒரு குடும்பம் ரைஸ் குக்கரோடு வந்ததைப் பார்த்தேன். மரத்தடியில் பிளக் எங்கே இருக்கும் என்று ஒருவர் கேட்டார். "மாதா தருவா" என்றார் அந்த அம்மா. ஆனாலும் நடுவழியில் அது கைவிட்டுக் கைமாறி, கடைசியில் தெரிந்த ஆட்டோக்காரரோடு வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது.

எதிரே சைக்கிளில் வருகிறவர் நின்று கேட்பார், "ஏன் தம்பி நடக்கிறீங்கள், பஸ்சை விட்டிட்டீங்களோ?" எல்லா வருசமும் கேட்பார்கள். நேர்த்தி என்று சொன்னால் தொப்பியைக் கழற்றி ஒரு சிலுவை போட்டுவிட்டு, "மழை வருமோ தெரியாது" என்று சொல்லிப் போவார்கள். ஜூலையில் மன்னாரில் மழையா!

ஒவ்வொரு கூட்டத்திலும் தூரம் சொல்ல ஓர் ஆள் இருப்பார். முன்னுக்கு நடக்கும் பெரியவர். சின்னப் பொடியன் அவர் சாரத்தைப் பிடித்து இழுப்பான்.

"அப்பப்பா, மடு எங்க?"

"இந்தா, முருங்கன் தாண்டினால் தெரியும்."

"முருங்கன் எங்க?"

"அந்த வளைவு தெரியுதெல்லே? அதுக்கு அங்கால."

வளைவு வரும், போகும், முருங்கன் வராது. பெரியவர் அடுத்த வளைவைக் காட்டுவார். முருங்கன் ஒருவழியாக வந்து, அதையும் தாண்டி வெகுநேரம் நடந்தபிறகு, மடு இன்னும் தெரியாத இடத்தில் பொடியனுக்கு விசயம் விளங்கும். இனிக் கேட்கமாட்டான். அடுத்த ஆடிக்கு அவன் தங்கச்சியும் நடக்க வருவாள். உயிலங்குளம் வருமுன்னே அவளுக்குக் கால் வலிக்கும், அண்ணன்காரன் கையை நீட்டி ஒரு வளைவைக் காட்டுவான்.