புயலுக்கு மறுநாள் தண்ணீர் எடுத்தவர்கள்

உலகம் அழிந்த பிறகு என்ன நடக்கும் என்று சொல்லும் வீடியோ கேம்கள் ஏராளம். அணுகுண்டு விழுந்திருக்கும், அல்லது கொள்ளைநோய் பரவியிருக்கும். நகரங்கள் இடிந்து கிடக்கும். ஆடுகிறவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அந்த இடிபாடுகளுக்குள் நடந்து, கிடைத்ததைப் பொறுக்கி, எதிரிகளைச் சுட்டு, யாருக்கு உதவுவது, யாரைக் கைவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டே போக வேண்டும். 1988இல் வந்த 'வேஸ்ட்லாண்ட்', 1997இல் தொடங்கிய 'ஃபால்அவுட்' வரிசை ஆகிய இரண்டும் இந்த வகைக்கு அடித்தளம் போட்டவை.

ராமநாதபுரத்தில் கல்லூரி மாணவிகளுக்கு வரலாறு சொல்லித் தரும் நான் இந்த விளையாட்டுகளை விரும்பி ஆடுகிறவள். ஆடும்போதெல்லாம் தனுஷ்கோடி நினைவுக்கு வரும். நம் கடற்கரையில் நிஜமாகவே ஓர் ஊர் ஒரே இரவில் அழிந்தது. அந்த அழிவைப் பற்றி நாம் சொல்லும் கதையையும் இந்த விளையாட்டுகளின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டிலும் பெண்கள் ஒரே இடத்தில்தான் காணாமல் போகிறார்கள் என்பது தெரியும்.

முதலில் விளையாட்டுகள். 2008இல் வெளியான 'ஃபால்அவுட் 3' நம் பாத்திரத்தின் பிறப்பிலிருந்து தொடங்குகிறது. பிரசவத்திலேயே தாய் இறந்துவிடுகிறாள். கதிர்வீச்சு கலந்த நீரைக் குடிநீராக்கும் இயந்திரத்தைக் கட்டுவது அந்தத் தாயும் தந்தையும் சேர்ந்து கண்ட கனவு. ஆனால் வளர்ந்த பிறகு நாம் தேடிப் போவது தந்தையை. 2015இன் 'ஃபால்அவுட் 4'இல் கணவன், மனைவி இருவரில் யாராக ஆடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றவர் சற்று நேரத்தில் சுட்டுக் கொல்லப்படுவார், கைக்குழந்தை கடத்தப்படும். பிறகு குழந்தையைத் தேடும் பயணம். 2013இன் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' ஒரு மகளின் சாவில் தொடங்குகிறது. 2017இன் 'ஹொரைசன் ஸீரோ டான்' பெண்ணை நாயகியாக்கியது. அவளும் தாயற்றவள் என்று ஒதுக்கப்பட்டு, ஓர் ஆணால் வளர்க்கப்பட்டுத் தனியே திரிகிறவள்தான்.

நாயகனைக் கிளப்பிவிடுவதற்காகவே ஒரு பெண்ணைக் கொல்லும் இந்த வழக்கத்தை, பின்னாளில் காமிக்ஸ் எழுத்தாளரான கெய்ல் சிமோன் 1999இலேயே பட்டியல் போட்டுக் காட்டினார். அவர் பார்த்தது காமிக்ஸ் கதைகளை. விளையாட்டுகளும் அதே அச்சை எடுத்துக்கொண்டன.

இன்னும் இரண்டு அச்சுகள் உண்டு. ஒன்று, ஆளில்லா நிலம். அங்கே கிடப்பதெல்லாம் நமக்காகவே கிடப்பது போல எடுத்துக்கொள்ளலாம். மற்றொன்று, பொருள்களை வைத்துக் கதை சொல்வது. கட்டிலில் கட்டிப்பிடித்தபடி இரண்டு எலும்புக்கூடுகள், பக்கத்தில் ஒரு பொம்மை. பார்க்கிறவரே கதையைப் புரிந்துகொள்வார். மனம் கனக்கத்தான் செய்யும். ஆனால் செத்தவர்கள் மட்டுமே பேசும் இந்த முறையில், பிழைத்தவர்களிடம் எதையும் கேட்க வேண்டிய தேவை வருவதில்லை.

இந்த வகைக் கதைக்கு ஆரம்பகால வழிகாட்டி ஒரு பெண் என்பதையும் மாணவிகள் அறிந்திருக்க வேண்டும். 'ஃப்ராங்கன்ஸ்டைன்' எழுதிய மேரி ஷெல்லி 1826இல் 'தி லாஸ்ட் மேன்' என்ற நாவலை வெளியிட்டார். கொள்ளைநோயில் மனித குலம் அழிந்து ஒரே ஒருவன் மிஞ்சுகிறான். அதை எழுதியபோது, தன் குழந்தைகள் மூவரையும், 1822இல் கடலில் மூழ்கிய கணவரையும் மேரி இழந்திருந்தார். இழப்போடு தொடர்ந்து வாழ்ந்தவர் ஒரு பெண். அவர் எழுதிய கதையில் மிஞ்சியவன் ஓர் ஆண்.

இனி தனுஷ்கோடிக்கு வருவோம். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையிலிருந்து வரும் 'போட் மெயில்' பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து ரயிலில் கொழும்பு சென்றார்கள். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் என்று எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைப் புயல் அலை கடலுக்குள் இழுத்துக்கொண்டது. விடியும்போது ஊர் இல்லை. ரயிலில் 110 பயணிகள், 5 ஊழியர்கள் என்பது பதிவான கணக்கு. டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் இதில் இல்லை. புயலில் மொத்தம் சுமார் 1,800 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அரசு தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது.

அதன் பிறகு இந்த அழிவைப் பற்றி மூன்று கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. முதலாவது, கடலில் மூழ்கிய ரயிலின் கதை. இரண்டாவது, சிதைந்த பாம்பன் பாலத்தை இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் சீரமைத்த கதை. அது பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. மூன்றாவது, 'பேய் நகரம்' என்ற கதை. சுற்றுலாப் பயணிகள் இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது இந்த மூன்றாவது கதைக்காகத்தான். ஒரு பேரழிவு, ஒரு நாயகன், ஆளில்லா இடிபாடு: விளையாட்டுகளில் நாம் பார்த்த அதே அச்சுகள்.

ஆனால் தனுஷ்கோடியில் ஆள்கள் இருக்கிறார்கள். மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசை போட்டுத் தொடர்ந்து வாழ்ந்து வருகின்றன. வாழத் தகுதியற்ற இடம் என்று ஏட்டில் எழுதிவிட்டால், வாழ்கிறவர்களுக்குக் குடிநீர்க் குழாயும் மின்கம்பமும் பட்டாவும் கேட்கும் உரிமை பலவீனமாகிவிடுகிறது. 2017இல் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. சாலை பயணிகளைக் கூட்டிவந்தது. குடிசைகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது பெண்களின் கைகள். கடலுக்கு மிக அருகிலேயே மணலைக் கையால் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதை அகப்பையால் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் கலங்கும், ஆழம் போனால் உப்புக் கரிக்கும். 'பேய் நகரம்' என்ற சொல் இந்தப் பெண்களைப் பேய்களாக்குகிறது. அதனால்தான் கதை அச்சுகளைப் பற்றிப் பேசுவதை நான் வெறும் இலக்கிய விவாதமாக நினைப்பதில்லை.

என் அப்பத்தா புயலடித்தபோது தங்கச்சிமடத்தில் மூன்று குழந்தைகளுக்குத் தாய். டிசம்பர் மாதம் வந்தால் யாராவது அவரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்பார்கள். அவர் சலித்துக்கொள்வார்: "ராத்திரியவே கேக்குறீகளே, விடிஞ்சதுக்கு அப்புறம் நாங்க என்ன செஞ்சோம்னு ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறீக."

நான் கேட்டேன். கிணறுகளில் உப்பு இறங்கிவிட்டது என்றார். பெண்கள் முறை வைத்து இறைத்து இறைத்துக் கொட்டினார்களாம். மழை பெய்து, மறுபடி இறைத்து, பருப்பு வேகிற தண்ணீர் கிடைக்க மாதக் கணக்கானது. உடுத்திய துணியோடு வந்தவர்களுக்கு ஒரு சேலையை இரண்டாகக் கிழித்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு அரிசியை வாங்கிப் பொதுவாக ஒரே உலையில் போட்டார்கள். அந்த வாரம் பக்கத்து வீட்டில் ஒரு பிரசவம் நடந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இதை ஒரு விளையாட்டாக்க முடியுமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். சிரமம்தான். இந்த வகை விளையாட்டுக்கு ஓர் இலக்கு, அதை அடையும் தருணம், பரிசு எல்லாம் வேண்டும். 'ஃபால்அவுட் 3'இல் குடிநீர் இயந்திரத்தை ஒருமுறை இயக்கிவிட்டால் போதும். 'ஃபால்அவுட் 4'இல் குடியிருப்பு கட்டி, பயிர் வைத்து, தண்ணீர்ப் பம்பு போடலாம். அங்கே தண்ணீரும் உணவும் திரையில் ஓர் எண், வயலில் வேலை செய்ய ஓர் ஆளை ஒரு பொத்தானை அழுத்தி நியமித்துவிடலாம். ஆனால் கிணறு இறைப்பது நாளைக்கும் உண்டு, நாளை மறுநாளும் உண்டு. முடிவில்லாத வேலையைக் கதையாகச் சொல்லும் முறையை விளையாட்டுகள் இன்னும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை. வரலாற்று நூல்களும் கண்டுபிடிக்கவில்லை. போர், புயல், பாலம் எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. உலை வைத்ததற்குத் தேதி இல்லை.

தேர்வு என்பது இந்த விளையாட்டுகளின் உயிர். இதைச் செய்தால் இந்த முடிவு, அதைச் செய்தால் வேறு முடிவு. இதே கடற்கரையில் கடல்பாசி எடுக்கும் பெண்களின் தேர்வைப் பாருங்கள். புடவைமேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, வலைப்பையோடு மூச்சைப் பிடித்து மூழ்கி, அகார் தயாரிக்கப் பயன்படும் பாசியைப் பறிக்கிறார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தலைமுறையாகப் போய்வந்த இடம் தடை செய்யப்பட்ட இடமானது. போனால் அபராதம், போகாவிட்டால் பட்டினி. இந்த இரண்டு பொத்தான்களுக்கு நடுவே அவர்கள் மூன்றாவது ஒன்றைத் தாங்களே உண்டாக்கினார்கள். சங்கமாகக் கூடினார்கள். பாறையைச் சுரண்டும் கருவிகளைக் கைவிட்டு, கையால் பறிப்பது என்றும், குறிப்பிட்ட நாள்களில் மட்டும் கடலில் இறங்குவது என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சர்வதேச அளவிலான 'சீகாலஜி' விருது கிடைத்தது. தனி நாயகன் இல்லாமல் ஒரு கூட்டம் முடிவெடுக்கும் இப்படிப்பட்ட கதையை நான் எந்த விளையாட்டிலும் ஆடியதில்லை.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழில் கடல்கோளைச் சொல்லும் பெருங்காப்பியத்தின் நாயகி ஒரு பெண். மணிமேகலையின் கையில் ஆயுதம் இல்லை, அமுதசுரபி இருக்கிறது. அதில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை என்ற பெண். யானைத்தீ என்னும் தீராப் பசியால் வாடிய காயசண்டிகையின் பசியை அந்தப் பாத்திரம் தீர்க்கிறது. சிறைக்கூடத்தை அறக்கோட்டமாக மாற்றச் சொல்லி மன்னனிடம் கேட்டு வாங்குகிறாள் மணிமேகலை. புகார் எப்படி அழிந்தது? மரக்கலம் உடைந்து காணாமல்போன தன் மகனைத் தேடி அலைந்த சோழ மன்னன் இந்திர விழாவை மறந்தான், கடல் ஊரைக் கொண்டது. தொலைந்த பிள்ளையைத் தேடும் பயணம்தான் 'ஃபால்அவுட் 4'இன் முழுக்கதை. நம் காப்பியத்தில் அது ஊரை மறக்கச் செய்த பயணம். மணிமேகலையோ மழையின்றிப் பஞ்சத்தில் கிடந்த காஞ்சிக்குப் பாத்திரத்தோடு போய்ப் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள்.

அவளையும் தெய்வமாக்கித் தனியே நிறுத்திவிட வேண்டாம் என்று மாணவிகளிடம் சொல்வேன். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் காப்பியத்தில்தான் உண்டு. அப்பத்தாவின் உலையில் அரிசி குறைந்தது, அதை எப்படிப் பங்கிட்டார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது.

1964இல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அதனால் அவசரமும் இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் பாம்பனுக்கும் போகும் என் மாணவிகளிடம் மூன்று கேள்விகள் கொடுத்தனுப்புகிறேன். மறுநாள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? யார் யாருக்குச் சமைத்தார்கள்? எந்த முடிவை எந்தப் பெண்கள் கூடி எடுத்தார்கள்? இடிந்த தேவாலயத்தைப் படமெடுக்கத் தடையில்லை, இந்த மூன்றையும் எழுதிய பிறகு எடுக்கலாம். போன முறை ஒரு மாணவி, உப்பு ஏறாமல் எவ்வளவு ஆழம் வரை ஊற்றுத் தோண்டலாம் என்பதை ஓர் ஆச்சியிடம் கேட்டு, தன் முழங்கையால் அளந்து எழுதிக்கொண்டு வந்தாள். எந்த ஆவணக் காப்பகத்திலும் நான் பார்க்காத அளவு அது.