அம்ரிதா ஷேர்கிலும் எரித்த கடிதங்களும்

கோல் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களிடம் அம்ரிதா ஷேர்கில் என்று சொல்லிப் பாருங்கள். லோதி கார்டன் பக்கத்துப் பணக்காரத் தெருவா என்பார்கள். இங்கிருந்து ஆட்டோ பிடித்தால் இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸ். 1954-ல் திறந்த தேசிய நவீனக் கலைக்கூடம் அங்கேதான் இருக்கிறது. போன ஞாயிறு தங்கமணியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

அப்பா உம்ராவ் சிங் சீக்கியர், சமஸ்கிருதப் பித்தர். அம்மா ஹங்கேரிப் பாடகி. 1913-ல் புடாபெஸ்டில் பிறந்து, பாரிஸில் ஓவியம் படித்து, 1934 கடைசியில் இந்தியா வந்தவர் அம்ரிதா. 1935-ல் சிம்லாவில் மால்கம் மகரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளரோடு காதல். அவருக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது. அந்த உறவு சில மாதம்தான். அந்த வருடம் அம்ரிதா தீட்டிய அவருடைய உருவப்படம் நின்றுவிட்டது.

அடுத்து தெற்கே பயணம். அஜந்தா, கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள், கன்னியாகுமரி. 1937-ல் வரைந்த 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்' எல்லாம் அதில் விளைந்தவை. பாரிஸ் பாடம் பாதி கழன்று, நம்மூர்க் கறுப்பு உடம்புகள் கான்வாஸில் உட்கார்ந்துவிட்டன. என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான்.

1938-ல் ஹங்கேரியில் டாக்டர் விக்டர் ஈகனைக் கல்யாணம் செய்துகொண்டார். அம்மாவுடன் பிறந்தவளின் மகன்! நம் வீடுகளில் அண்ணன் முறை என்று பெரிய ரகளையே நடந்திருக்கும். அங்கேயும் அம்மாவுக்கு இஷ்டமில்லை. அந்தச் சமயம் மகள் ஊரில் இல்லாதபோது, மகரிட்ஜ், நேரு எழுதியவை உட்பட அவருக்கு வந்த கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். மானத்துக்குப் பயந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது. மகளுக்கு அது தீராத வருத்தம்.

1941 டிசம்பர் 5, லாகூர். கண்காட்சிக்கு ஏற்பாடு நடக்கும்போதே இறந்துபோனார். வயது 28. அம்மா மருமகன்மேல் பழி போட்டார், 1948-ல் தற்கொலை செய்துகொண்டார்.

கணக்குப் பிள்ளை புத்தி, விலையையும் சொல்லிவிடுகிறேன். உயிரோடிருந்தபோது படம் விற்க அல்லாடியவர். அவருடைய 'கதைசொல்லி' 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்குப் போனது. 1976-லேயே அரசு அவர் படங்களைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்துவிட்டதால் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ஜெய்ப்பூர் ஹவுஸில் நாங்கள் பார்த்தவற்றில் பெரும்பகுதி, கடிதங்களை எரித்த அப்பாவும், பழி சுமந்த விக்டரும் அரசுக்குக் கொடுத்தவை.