வானூர்திப் பாய அளவீடு (மும்பை)

நிலம் அல்லது கடலுக்கும் அதன் மேலுள்ள காற்றுக்கும் இடையே நிகழும் வெப்பம், நீராவி, கரியமில வாயு, மீத்தேன் ஆகியவற்றின் பரிமாற்றத்தை, அதாவது பாயத்தை, தாழப் பறக்கும் வானூர்தியிலிருந்து கணிக்கும் முறை இது. ஊர்தியின் மூக்கில் பொருத்திய உணரிகள் காற்றின் செங்குத்து வேகத்தையும் வெப்பநிலையையும் வாயுச் செறிவையும் நொடிக்குப் பலமுறை பதிவு செய்கின்றன. மேலேறும் காற்றுச் சுழல்கள் இறங்கும் சுழல்களைவிட வெம்மையாக இருந்தால் வெப்பம் மேல்நோக்கிச் செல்கிறது என்று பொருள். செங்குத்து வேகத்தின் ஏற்ற இறக்கத்தை வெப்பநிலை அல்லது வாயுச் செறிவின் ஏற்ற இறக்கத்தோடு பெருக்கி, பறந்த தொலைவு முழுவதற்கும் சராசரி எடுத்தால் பாயம் கிடைக்கும். ஊர்தியின் சொந்த அசைவைப் பிழையின்றிக் கழிப்பதே இதில் மிகக் கடினமான பணி.

இத்துறையின் வரலாற்றில் பம்பாய்க்கு (இன்றைய மும்பை) பெருமைக்குரிய இடம் உண்டு. பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது, 1963இல், வானிலையியலாளர் காலின் ராமேஜ் தலைமையில் நகரின் கொலாபா பகுதியில் பன்னாட்டு வானிலை மையம் இயங்கியது. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பங்கர் வானூர்தியில் பறந்து, பருவக்காற்றுக்கும் அரபிக்கடலுக்கும் இடையிலான வெப்ப, ஈரப்பதப் பரிமாற்றத்தை ஆராய்ந்தார். 1979ஆம் ஆண்டின் மோனெக்ஸ் என்ற பருவக்காற்று ஆய்விலும் அமெரிக்க ஆய்வு வானூர்திகள் பம்பாயிலிருந்தே அரபிக்கடலுக்குப் பறந்தன. ஆனால் 2016இல் இந்திய, பிரிட்டிஷ் அறிவியலாளர்களின் இன்காம்பஸ் என்ற பருவமழை ஆய்வுத் திட்டம் லக்னோவையும் பெங்களூரையும் தளமாகக் கொண்டு நிலப்பரப்பின்மேல் பறந்தது.

மும்பையில் தகரக் கூரைகள் நெருங்கிய தாராவி, மரநிழல் மிகுந்த மாட்டுங்கா, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை அடுத்த செம்பூர் ஆகியவை ஒன்றுக்கொன்று அருகிலிருந்தும் வெப்பத்தை வெவ்வேறு விதமாக வெளியிடக்கூடியவை. தரையில் நிறுவிய ஓர் அளவீட்டுக் கோபுரம் தன் சுற்றுப்புறத்தை மட்டுமே அறியும் என்பதால், இத்தகைய நகரத்துக்கே வானூர்தி அளவீடு மிகவும் தேவைப்படுகிறது. ஆயினும் நெரிசலான விமான நிலையம் நகருக்குள்ளேயே இருப்பதால் இங்குத் தாழப் பறப்பது அரிது. மும்பைக் குப்பைக்கிடங்கிலிருந்து எழும் மீத்தேனை, 2022இல் வெளியான ஓர் ஆய்வு செயற்கைக்கோள் வழியாகவே கணித்தது.