வீட்டுக் காவலுக்குத் துப்பாக்கி: சட்டம் எங்கே நிற்கிறது?

அக்கம்பக்கத்தில் ஒரு வீடு உடைக்கப்பட்டால் போதும், அன்றிரவே தாமான் வாட்ஸ்அப் குழுவில் “துப்பாக்கி ஒன்று வாங்கி வைக்கலாமா?” என்ற பேச்சு வந்துவிடுகிறது. எந்த ரகம் நல்லது என்று விளக்கும் அமெரிக்கக் காணொளிகளும் கூடவே பகிரப்படுகின்றன. அங்குள்ள சட்டம் வேறு, இங்குள்ளது வேறு.

மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் வழங்குபவர் மாநிலப் போலீஸ் தலைவர். கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் பொருளல்ல அது. திருட்டுப் பயம் என்று சொல்லி விண்ணப்பிக்கும் சாதாரணக் குடும்பத்தார் உரிமத்தை நம்பித் திட்டம் போடாமல் இருப்பதே நல்லது. பன்றியும் குரங்கும் பயிரை அழிக்கும் கம்பத்துப் பக்கம் சிலரிடம் ‘செனாப்பாங் பாத்தா’ இருப்பதைப் பார்த்திருப்போம். அதுவும் உரிமத்தோடுதான்.

உரிமமின்றி வைத்திருந்தால் இச்சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டத்தின் 8ஆவது பிரிவில் குற்றஞ்சாட்டப்பட்டால் 14 ஆண்டு வரை சிறையும், 6க்குக் குறையாத பிரம்படியும் காத்திருக்கின்றன. காற்றுத் துப்பாக்கியும் ‘ஆயுதம்’ என்ற விளக்கத்துக்குள் அடங்கும். அசலைப் போலவே இருக்கும் போலித் துப்பாக்கிக்கும் 36ஆவது பிரிவு உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1948இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டு அவசரகாலம் தொடங்கியபின், தோட்டங்களில் துப்பாக்கி ஏந்திய காவல் வழக்கமாயிற்று. அந்தக் காலத்துப் பொருள் ஏதேனும் பழைய பெட்டியில் கிடக்கிறது என்றால், “தாத்தா வைத்திருந்தது” என்ற பதில் எடுபடாது. உங்கள் பெயரில் உரிமம் இல்லையென்றால் அது உங்கள் குற்றம். தொட்டு எடுத்துக்கொண்டு போகாமல், முதலில் பாலாய்க்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் திருடன் வந்தால் கைகட்டி நிற்பதா? இல்லை. குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. கொள்ளை, இரவில் வீடு உடைத்தல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவற்றைத் தடுக்கையில் எதிரிக்கு உயிர்ச்சேதம் நேர்ந்தாலும் அந்த உரிமை பொருந்தக்கூடும் என்கிறது 103ஆவது பிரிவு. ஆனால் 99ஆவது பிரிவு கடிவாளம் போடுகிறது: தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது; அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது. ஓடிவிட்டவனைத் துரத்திப் போய் வெட்டுவதும், பிடிபட்டவனைக் கட்டி வைத்து அடிப்பதும் தற்காப்பு ஆகாது. பலர் சிக்குவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபம் அடங்குவதற்குள் வீட்டுக்காரரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை வந்துவிடும்.

பாராங் கத்திக்கும் இதே எச்சரிக்கை. செம்பனைக் காட்டுக்கு வேலைக்குக் கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. ‘பாதுகாப்புக்கு’ என்று மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு பட்டணத்தைச் சுற்றினால், ஆபத்தான ஆயுதங்கள் தொடர்பான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு.

துப்பாக்கிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் பின்கதவுக்கு நல்ல கிரில், ஆளைக் கண்டதும் எரியும் விளக்கு, குரைக்கும் நாய் என்று பார்க்கலாம். பின்கதவைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். கிரில் பூட்டின் சாவியை மட்டும் எங்கோ ஒளித்து வைக்காதீர்கள். இரவில் தீப்பிடித்தால் அதே கிரில் கூண்டாகிவிடும். கதவருகே, வெளியிலிருந்து கைக்கு எட்டாத இடத்தில், வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியும்படி சாவி தொங்கட்டும்.

சத்தம் கேட்டால் எல்லாரும் ஒரே அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு 999க்கு அழையுங்கள். முகவரியை முதலில் சொல்லுங்கள். தோட்டமாக இருந்தால் டிவிஷன் பெயரையும் பக்கத்துக் கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் சேர்த்துச் சொன்னால், போலீஸ் வண்டி இருட்டில் வழி தேடி அலையாது.